நாற்பத்தேழு வரிகள் மாறின

கொட்டாம்பாறை, கல்வராயன் மலை
10 செப்டம்பர் 2025, புதன்

ஹப்சா மேடம் அவர்களுக்கு,

நேற்று வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடி நின்று உங்களுக்குப் போன் செய்தவள் நான்தான். பெயர் கோகிலவாணி. பதினோரு வருடமாக டிரஸ்டின் கிராம நர்ஸ். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நீங்க எதையாவது மாத்தி அழுத்தியிருப்பீங்க, பாத்துப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் நடுவில் வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மாதம் நெருங்கிய பெண்களை நாங்கள் டேப்லெட்டில் பதிகிறோம். எங்கள் ஊரில் சிக்னல் இல்லாததால் செவ்வாய்தோறும் வெள்ளிமலைக்குப் போய் அதைச் செய்கிறோம். உங்கள் புரோகிராம் அதிலிருந்து பட்டியல் எடுத்து டிரைவருக்கு அனுப்புகிறது. வியாழக்கிழமை வண்டி வந்து அவர்களை ஏற்றிப்போய் வெள்ளிமலை காத்திருப்பு இல்லத்தில் விடுகிறது. அங்கே தங்கிப் பிரசவம் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பெண் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் "வந்துவிட்டார்" என்ற பட்டனை நாங்கள் அழுத்த வேண்டும்.

போன வியாழக்கிழமை குஞ்சம்மாள் துணிமூட்டையோடு ரோட்டோரம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி வரவில்லை. டிரைவர் பகலவனைக் கேட்டால், "பட்டியல்ல பேரு இல்ல மேடம். பேரு இல்லாத ஊருக்கு வண்டி எடுத்தா என்னத்தான கேப்பாங்க" என்கிறார். சனிக்கிழமை மரவள்ளி ஏற்றிப்போன ஜீப்பில் அவளுக்குப் பிரசவம் ஆனது. ஜீப்பில் நான் இருந்தேன். கையுறை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவள் பெயரை நான் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியே போட்டேன். நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். அது எங்கே போனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்டக்டர் ஜெயப்பிரகாஷ் இதை உங்கள் அத்தாவின் பாத்திரக்கடையில் கொடுப்பார். எங்கள் பஸ் தினம் இரண்டு முறை கள்ளக்குறிச்சி வந்து திரும்புகிறது. பதிலை அவரிடமே கொடுக்கலாம்.

கோகிலவாணி


கள்ளக்குறிச்சி
11 செப்டம்பர்

திருமதி கோகிலவாணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை வைத்தது சரியில்லைதான். அன்று வேறொரு வேலையில் இருந்தேன்.

சர்வரில் பார்த்தேன். குஞ்சம்மாள் பதிவு எண் 214. பதிவு அழியவில்லை. ஆனால் "வந்துவிட்டார்" என்று மாறியிருக்கிறது. அப்படி மாறினால் அந்தப் பெயர் வண்டிப் பட்டியலில் வராது. செப்டம்பர் இரண்டாம் தேதி காலை 11.40க்கு உங்கள் டேப்லெட்டிலிருந்துதான் அந்தக் கட்டளை வந்திருக்கிறது. "வெற்றி" என்றும் பதில் போயிருக்கிறது. ஆகவே பட்டன் அழுத்தப்பட்டது உண்மை. திரையில் பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் விரல் பக்கத்துப் பெயரில் பட்டிருக்கலாம். பயிற்சிக் கையேட்டின் ஆறாம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

குஞ்சம்மாளும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

ஹப்சா


கொட்டாம்பாறை
13 செப்டம்பர், சனி

மேடம்,

குஞ்சம்மாள் நன்றாக இருக்கிறாள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு. கேட்டதற்கு நன்றி.

கையேட்டின் ஆறாம் பக்கம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. நேற்று டிரஸ்டிலிருந்து மெமோவும் வந்துவிட்டது. "பதிவில் கவனக்குறைவு. ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்." அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

அன்று காலை 11.40க்கு நான் பட்டனை அழுத்தியது உண்மை. ஆனால் அது தைலம்மாளுக்கு. அவள் அதற்கு முந்தைய வியாழக்கிழமை இல்லத்துக்குப் போனவள். அழுத்தியது ஒரே ஒரு முறை. அதற்கு முன்னால் நான் பதிந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் பெயரும் அந்த வாரப் பட்டியலில் இல்லை. அழுத்திய பிறகு, அதே இடத்தில் நின்றுகொண்டு, புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தேன். அந்த இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள்.

விரல் தவறினால் பக்கத்துப் பெயர் ஒன்று போகும். முன்னால் போட்ட எல்லாரும் போய், பின்னால் போட்டவர்கள் மட்டும் எப்படி நிற்பார்கள்? வெள்ளிமலையில் இருக்கும் இன்னொரு நர்ஸ் ஷாலினியைக் கேட்டேன். "எனக்கும் அப்படித்தான்க்கா ஆவுது. ஒருத்தர அழுத்துனா மீதி பேரு காணாமப் போவுது. நானே ஏதோ தப்பு பண்றேன்னு பயந்துகினு யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.

நோட்டின் நான்கு பக்கங்களைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன். படித்துப் பாருங்கள்.

கோகிலவாணி


கள்ளக்குறிச்சி
14 செப்டம்பர், ஞாயிறு

கோகிலவாணி அவர்களுக்கு,

நான்கு பக்கங்களையும் மூன்று முறை படித்தேன். உண்மையைச் சொன்னால், முதல் முறை தப்புக் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். கிடைக்கவில்லை.

இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஓடுவது நானே எழுதியது. ஸ்டோர்டு புரொசீஜர் என்போம். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கிற கட்டளைத் தொகுப்பு. அதில் முக்கியமானது ஒரே ஒரு அப்டேட் வரி: இந்த எண் உள்ள பெண்ணின் நிலையை "வந்துவிட்டார்" என்று மாற்று. அவ்வளவுதான். அந்த ஒரு வரி எப்படி ஐந்து பேரை மாற்றும்?

ஆனால் உங்கள் நோட்டு சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை. ஒரு சோதனை செய்வோமா? என்னிடம் ஆகஸ்ட் 17ஆம் தேதி எடுத்து வைத்த பழைய நகல் ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக ஏற்றி, இப்போது ஓடும் அதே புரொசீஜரையும் அதில் சேர்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை டேப்லெட்டைத் திறந்தால் "சோதனை" என்று புதிதாக ஒன்று தெரியும். அதில் என்ன செய்தாலும் உண்மையான பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் உங்கள் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் பட்டனை அழுத்துங்கள். மறுபடி எண்ணுங்கள். நீங்கள் எப்போதும் செய்வது போலவே செய்யுங்கள். எனக்காகக் கவனமாகச் செய்ய வேண்டாம்.

அதுவரை உண்மையான பதிவில் யாரும் அந்தப் பட்டனைத் தொட வேண்டாம். ஷாலினிக்கும் மூன்றாவது நர்ஸ் ரங்கம்மாளுக்கும் நானே போனில் சொல்லிவிடுகிறேன்.

ஹப்சா


வெள்ளிமலை
16 செப்டம்பர், செவ்வாய்

ஹப்சா மேடம்,

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஊருக்குத் திரும்பும்வரை பொறுக்கவும் முடியாமல் இங்கேயே இல்லத்தின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஷாலினி பக்கத்தில் நின்றாள். சோதனையைத் திறந்தேன். என் பட்டியலில் ஏழு பேர். பழைய நகல் என்பதால் குஞ்சம்மாளும் அதில் காத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் விரல் போகவில்லை. பிறகு தைலம்மாளின் பெயரைத் தொட்டேன். ஒரு முறைதான். ஷாலினி சாட்சி. "வெற்றி" என்று பச்சை எழுத்தில் வந்தது.

திரும்பப் பட்டியலைத் திறந்தேன். காலி. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

ஷாலினி அவளுடைய டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் எதையும் தொடவே இல்லை. சோதனையில் அவளுடைய பட்டியலும் காலி. "அக்கா, நீ இங்க அழுத்துனா என் பட்டியல்ல இருக்கறவங்களும் போயிடுறாங்கக்கா" என்று கத்தினாள். இல்லத்தில் இருந்த பெண்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

மேடம், இத்தனை நாள் நான்தான் தப்பு செய்தேனோ என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கே சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. ஒருத்தருக்கு அழுத்தினால் மலையில் இருக்கிற எல்லாருக்கும் ஆகிறது. இனி நீங்கள் கண்டுபிடியுங்கள். சீக்கிரம். நாளை மறுநாள் வியாழன்.

கோகிலவாணி


கள்ளக்குறிச்சி
17 செப்டம்பர், புதன் காலை

கோகிலா அக்கா,

அப்படிக் கூப்பிடலாம்தானே. கண்டுபிடித்துவிட்டேன்.

நான் எழுதிய புரொசீஜர் கடைசியில் "வெற்றி" என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை வரிகள், அதாவது எத்தனை பெண்களின் பதிவுகள், மாறின என்று நான் அதைக் கேட்டதே இல்லை. இன்று காலை முதல் வேலையாக அந்தக் கேள்வியைச் சேர்த்தேன். மாற்றத்தை உறுதி செய்யாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி டேட்டாபேஸில் உண்டு. நகலைத் திரும்பப் புதிதாக ஏற்றி அதில் அப்படி ஓட்டினேன். ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு என்று வந்தது. நாற்பத்தேழு வரிகள் மாறின. மூன்று நர்ஸ்களின் காத்திருக்கும் பெண்கள் மொத்தமே நாற்பத்தேழு பேர்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கீழே கடையிலிருந்து அத்தா, "என்னம்மா ஆச்சு?" என்று மாடிக்கே வந்துவிட்டார்.

பிறகு அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். எந்தப் பெண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்கிற இடத்தில் "எண் = எண்" என்று இருக்கிறது. ஒன்று டேபிளில், அதாவது பதிவுகள் இருக்கும் அட்டவணையில், உள்ள பெண்ணின் எண், மற்றது நீங்கள் பட்டன் வழியாக அனுப்பும் எண் என்பது என் நினைப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டேன். டேட்டாபேஸ் இரண்டையுமே நீங்கள் அனுப்பிய எண்ணாக எடுத்துக்கொண்டது. நீங்கள் 209 அனுப்பினால் அது ஒவ்வொரு பெண்ணிடமும் போய் "209ம் 209ம் ஒன்றா?" என்று கேட்கிறது. ஒன்றுதான். அதனால் எல்லாரையும் மாற்றிவிடுகிறது.

முன்பு அனுப்பும் எண்ணுக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தேன். ஆகஸ்ட் 18ஆம் தேதி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பெயர்களைச் சீர்படுத்தினேன். சோதித்தும் பார்த்தேன் அக்கா. ஆனால் என் சோதனை டேபிளில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். ஒருத்திதான் இருந்தாள், ஒருத்திதான் மாறினாள். சரி என்று விட்டுவிட்டேன்.

தப்பு என்னுடையது. உங்கள் விரலுடையது இல்லை.

பெயரை மாற்றிவிட்டேன். இப்போது ஓட்டினால் ஒரு வரிதான் மாறுகிறது. ஒன்றுக்கு மேல் மாறினால் அதுவே நின்று எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும் என்றும் எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒரு மாதத்தில் கலைந்ததை அது திருப்பித் தராது. ஆகஸ்ட் 17 வரை என் நகலில் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் வந்தார்கள், யாருக்குப் பிரசவம் ஆனது, யார் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள் என்பது உங்கள் மூவரின் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஷாலினிக்கும் ரங்கம்மாளுக்கும் சிக்னல் உண்டு, போனில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். உங்களுடையது இன்று மூன்று மணி பஸ்ஸில் வந்தாக வேண்டும். ஆறு மணிக்கு முன் என் கையில் கிடைத்தால் நாளைக்குக் காலை பகலவன் அண்ணனிடம் சரியான பட்டியல் இருக்கும்.

டிரஸ்டுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது நான் தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை.

ஹப்சா


கொட்டாம்பாறை
17 செப்டம்பர், பிற்பகல் 2.50

ஹப்சாவுக்கு,

பஸ் என் எதிரில் நிற்கிறது. மதிய பஸ் தாமதமாக வந்ததால் உன் கடிதத்தைப் படித்து முடிக்கவே நேரம் போய்விட்டது. ஜெயப்பிரகாஷிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பஸ்ஸுக்குள் திரும்பி, "பத்து நிமிசம் நிக்கும், யாரும் சத்தம் போடாதீங்க. மேடம் எழுதட்டும்" என்றார். ஒரு பெரியவர், "இன்னாத்துக்கு?" என்று கேட்டதற்கு, "புள்ளத்தாச்சிங்களுக்கு" என்றார். அவ்வளவுதான், பஸ்ஸில் பேச்சே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

பின்தாளில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஊர், நாள், எத்தனையாவது பிரசவம் எல்லாம் போட்டிருக்கிறேன். நான்காவது பெயரை முதலில் ஏற்று. மேல்நெல்லி பச்சையம்மாள். இரட்டைக் குழந்தை. ரத்தமும் கம்மி. இரண்டு வியாழக்கிழமை வண்டி வராமல் போய், இனி வரவே வராது என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ தப்பை என்னிடம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் மெமோ வந்தது உன்னிடமிருந்து இல்லை, டிரஸ்டிடமிருந்து. விளக்கம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரைதான் நேரம். உன் கடிதத்தை அதோடு வைத்து அனுப்பினால் என் வேலை முடிந்தது. அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. நீயே சொல்ல வேண்டும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

கோகிலா


கள்ளக்குறிச்சி
18 செப்டம்பர், வியாழன்

அக்கா,

ஐந்தே முக்காலுக்கு உங்கள் தாள் கிடைத்தது. அத்தா கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து வாங்கி வந்தார். அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க நான் ஏற்றினேன். மூன்று நோட்டும் சேர்ந்து இருபத்தாறு பேர் இன்னும் வீட்டில் காத்திருக்கிறார்கள். இந்த வியாழனே வண்டியில் ஏற்ற வேண்டியவர்கள் எட்டுப் பேர். முதல் பெயர் பச்சையம்மாள். ஏழு மணிக்குப் பட்டியல் போய்விட்டது. பகலவன் அண்ணன் உடனே போன் செய்து, "இன்னா மேடம், ஒரே நாளுல இவ்ளோ ஜாஸ்தி பேரு? மறுபடி ஏதாச்சும் தப்பா?" என்றார். "இல்லண்ணே, இப்பதான் சரி" என்றேன்.

இன்று காலை டிரஸ்டு செயலாளருக்குப் போன் செய்தேன். அதற்கு முன் அத்தாவிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஓட்டைப் பாத்திரத்த வித்துட்டோம்னு தெரிஞ்சா நாம இன்னா பண்ணுவோம்? வாங்குனவங்க சரியா புடிக்கலன்னா சொல்லுவோம்?" என்றார்.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி, வரி, நாற்பத்தேழு, எல்லாம். குஞ்சம்மாள் ஜீப்பில் பெற்றதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுத்துல தருவீங்களா?" என்றார். பத்து மணிக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். உங்கள் மெமோவை இன்றே திரும்பப் பெறுவதாகச் சொன்னார். என்னைப் பற்றிக் கமிட்டியில் பேசி முடிவு செய்வார்களாம். வேலை போனாலும் போகட்டும். நேற்று இருந்த பயம் இப்போது இல்லை.

வண்டி மேல்நெல்லிக்குப் போனதா? இங்கே உட்கார்ந்துகொண்டு மணி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹப்சா


வெள்ளிமலை
20 செப்டம்பர், சனி

ஹப்சா,

போனது. கேள்.

மேல்நெல்லிக்கு ரோட்டிலிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நானும் பகலவனும் ஏறினோம். மாமியார் வாசலை மறித்து நின்றார். "ரெண்டு வாட்டி மூட்ட கட்டிக்கினு போயி ஒக்காந்தோம். வரல. இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றார். நான் சமாதானம் சொல்லவில்லை. "தப்பு எங்களுது ஆயா. பேரு தவறிப்போச்சு. இன்னிக்கு மொத பேரே ஒங்க மருமவ பேருதான்" என்றேன். பகலவன் போனில் பட்டியலைத் திறந்து காட்டினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "கெளம்பு" என்றார்.

பச்சையம்மாளைக் கட்டிலோடு தூக்கி இறக்கினோம். ஊர் ஆண்கள் நான்கு பேர் முறை மாற்றினார்கள். இல்லத்தில் சேர்த்த மறுநாள் காலை வலி எடுத்தது. பார்த்தால் முதல் குழந்தை குறுக்கே கிடக்கிறது. இங்கே முடியாது என்று ஆம்புலன்ஸில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நேற்று பதினொன்றரைக்கு ஆபரேஷன். இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அவளும் இருக்கிறாள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம். வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு எழுத மாட்டேன்.

மெமோ ரத்து என்று கடிதம் வந்துவிட்டது. அதில் உன் பெயரும் இருக்கிறது. "புரோகிராமர் தாமாக முன்வந்து தெரிவித்ததன்பேரில்" என்று. உன்னையே தொடர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். ஷாலினி பச்சை மையில் போட்டாள்.

பச்சையம்மாளும் மாமியாரும் அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் தெரியாமல் இருக்கிறார்கள். உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் என்று ஜெயப்பிரகாஷ் சொல்கிறார். போய்ப் பார்.

கோகிலா


கள்ளக்குறிச்சி
21 செப்டம்பர், ஞாயிறு

அக்கா,

போய் வந்தேன். அம்மா கஞ்சியும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் கொடுத்தனுப்பினார்.

இத்தனை நாள் எனக்குப் பச்சையம்மாள் 231ஆம் எண். வார்டு வாசலில் நின்று யாரென்று தெரியாமல் முழித்தேன். மாமியார்தான் என்னைப் பார்த்து, "யாரத் தேடற?" என்றார். பச்சையம்மாள் என்றதும் நகர்ந்து இடம் விட்டார். என்னைவிடச் சின்னப் பெண் அக்கா. இருபத்திரண்டு இருக்குமா? முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேசினாள். "நீங்க நர்ஸ் மேடமா?" என்றாள்.

"இல்ல, வண்டிக்கு பேரு எழுதறவ. ரெண்டு வாரம் உங்க பேரு தவறுனது என்னாலதான்" என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பச்சையம்மாள், "அப்ப இதுங்க ரெண்டு பேரயும் எழுதிக்கங்க. தவறாம எழுதுங்க" என்றாள்.

டேப்லெட்டை எடுத்தேன். அப்போதுதான் பார்க்கிறேன் அக்கா, நான் கட்டிய டேபிளில் ஒரு தாய்க்கு ஒரு குழந்தைதான் போட முடியும். இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதின் மேல் எழுதிவிடும். அங்கேயே சிரித்துவிட்டேன். அவர்களுக்கு எதற்கென்று புரியாமலே அவர்களும் சிரித்தார்கள். குழந்தைகளுக்கு வேறு டேபிளே போட வேண்டும். எத்தனை பிறந்தாலும் இடம் இருக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

கமிட்டி இன்னும் பேசவில்லை. அவர்கள் பேசட்டும். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நான் மேலே வருகிறேன். எழுதுவதை இனி உங்கள் மூவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஜெயப்பிரகாஷ் அண்ணன் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மறந்துவிட்டேன். மாமியார் கஞ்சியை ஆற்றுவதற்குக் குழந்தைகளை என் மடியில் போட்டார். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. மற்றது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டும் பெண்.

ஹப்சா